ஆல்ப்ஸ் மலைல பிள்ளையோட சைக்கிள் ஓட்டப் போறீங்களா?

மொதல்ல இடம். பிரான்ஸ் சுவிஸ் எல்லைல இருக்குற போர்த் டு சொலேய்ங்கற மலைப் பகுதில லே ஜே, மோர்சீன்னு ரெண்டு ஊர், ரெண்டுமே நல்ல சாய்ஸ், 2022 மவுண்டன் பைக் உலக சாம்பியன்ஷிப் லே ஜேலதான் நடந்துச்சு, ஆனா பயப்படாதீங்க, பச்சை கலர் போர்டு போட்ட ஈஸி பாதையும் அங்க இருக்கு. பச்சை, நீலம், சிவப்பு, கருப்புன்னு கஷ்டம் ஏறிட்டே போகும். மொத நாள் பச்சையத் தாண்டாதீங்க, பிள்ளை எவ்ளோ கெஞ்சுனாலும் சரி.

மேல ஏற லிஃப்ட் இருக்கு, மிதிக்க வேணாம். கஷ்டமே எறங்குறதுலதான். சின்னக் கைக்கு பிரேக் லீவர் எட்டாது, அதனால கெளம்புறதுக்கு முன்னாடியே லீவர்ல இருக்குற குட்டி ஸ்க்ரூவத் திருப்பி லீவர ஹேண்டில் பக்கத்துல கொண்டு வந்துடுங்க, ஆள்காட்டி விரல் ஒண்ணுலயே அழுத்த வரணும். இதச் செய்யாம விட்டு என் பொண்ணு பாதி வழில கை நடுங்கி ஒக்காந்துட்டா, தப்பு முழுக்க என்னுது. பிரேக்க அழுத்திப் பிடிச்சிட்டே வந்தா சூடாகிடும், விட்டு விட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. சீட்ட எறக்கிட்டு, பெடல் மேல நின்னு, வளைவுக்கு அந்தப் பக்கம் பாக்கணும், முன் சக்கரத்தப் பாத்தா விழுந்துடுவாங்க.

முகம் மூடுற ஹெல்மெட், முட்டி கார்டு, முழு விரல் கிளவுஸ் கட்டாயம். கோடைல மத்தியானத்துக்கு மேல திடீர்னு இடியோட மழை வரும், சோ காலைலயே ஓட்டி முடிச்சிருங்க. அவசரம்னா 112.