கோல், கயிறு, நிழல்: சுல்ப சூத்திர முறையில் திசை காணுதல்

வேள்வி மேடையைக் கிழக்கு நோக்கி அமைக்க வேண்டும் என்று விதித்த வேதகால மக்கள், கிழக்கு எது என்ற கேள்விக்கும் விடை காண வேண்டியிருந்தது. சூரியன் உதிக்கும் திக்கே கிழக்கு என்றால் அது நாள்தோறும் நகர்கிறது. சென்னையில் ஜூன் 21 அளவில் உதயம் நேர்க்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே விலகுகிறது. டிசம்பர் 21 அளவில் ஏறத்தாழ அதே அளவு தெற்கே விலகுகிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்க, வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்து அமைக்கும் முறையைச் சொல்லும் பழைய நூலான காத்தியாயன சுல்ப சூத்திரம் கூறும் வழி மிகச் சுருக்கமானது: சமதரையில் ஒரு கோலை நட்டு, கோலின் நீளத்துக்குச் சமமான கயிற்றால் அதைச் சுற்றி வட்டம் வரைந்து, கோல்நுனியின் நிழல் வட்டத்தைத் தொடும் இரண்டு இடங்களிலும் முளை அடித்தால், அவ்விரு முளைகளையும் இணைக்கும் கோடே கிழக்குமேற்குக் கோடு. நண்பகலுக்கு முன்னும் பின்னும் சூரியன் ஒரே உயரத்தில் நிற்கும்போது நிழல்களின் நீளமும் ஒன்றாகவே இருக்கும் என்ற கவனிப்பு ஒன்றே இதற்குப் போதும். பூமி உருண்டையா தட்டையா என்ற வாதத்துக்குள் போக வேண்டியதில்லை. இதை மொட்டைமாடியில் ஒரே பகலில் செய்து பார்க்கலாம்.

முதல் வேலை தரையைச் சமப்படுத்துவது. பெரும்பாலான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன. மழைநீர் வடிவதற்காக மொட்டைமாடிகளைச் சற்றே சரிவாகப் பூசியிருப்பார்கள். ஆகவே தரையின் மேல் நேரடியாக வரையாமல், மூன்றடிச் சதுரமுள்ள ஒட்டுப்பலகை ஒன்றை வைத்து, அடியில் சில்லுகளைச் செருகி மட்டம் பார்க்க வேண்டும். 499ஆம் ஆண்டில் ஆரியபடர் இயற்றிய நூல், சமதளத்தை நீராலும் நேர்குத்தைத் தூக்குநூலாலும் அறிக என்கிறது. சூரிய சித்தாந்தம் என்ற பழைய வானியல் நூலும் நீரால் மட்டம் பார்த்த கற்பலகையின் மேல்தான் வட்டம் வரையச் சொல்கிறது. நம் கொத்தனாரிடம் இன்றும் இருக்கும் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அதே இரண்டு கருவிகள்தாம் என்பதால், அவற்றை ஒரு நாள் இரவல் வாங்கினாலே போதும். பலகையின் மட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் பார்க்காமல் குறுக்கிலும் நெடுக்கிலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது கோல், வடமொழி நூல்கள் இதைச் சங்கு என்று அழைக்கும். சங்கின் உயரத்தைப் பன்னிரண்டு அங்குலமாகக் கொள்வது பழைய வழக்கம். அந்த அங்குலம் எவ்வளவு என்பது பொருட்டன்று. உயரத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கொண்டால் சரி. நான் பரிந்துரைப்பது 36 சென்டிமீட்டர் உயரமுள்ள, விரல் தடிமனான, வளையாத கோல். அப்போது ஓர் அங்குலம் 3 சென்டிமீட்டர் ஆகும். நுனியைக் கூராகச் சீவத் தோன்றும், அதைச் செய்ய வேண்டாம். சூரியன் புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகல வட்டமாக இருப்பதால் நிழலின் விளிம்பு மங்கும், கூரிய நுனியின் நிழல் அந்த மங்கலில் கரைந்தே போய்விடும். தட்டையான தலையுள்ள கோலை நட்டு, இரண்டு பக்கங்களில் தூக்குநூலைப் பிடித்து நேர்குத்தைச் சரிபார்த்த பிறகு, ஈரம் பட்டால் இழுபடாத நூலால் வட்டம் வரையுங்கள்.

வட்டத்தின் ஆரம் எவ்வளவு என்பதில்தான் சுல்ப சூத்திரத்தின் விதி ஓரிடத்தில் இடறுகிறது. ஆரம் கோலின் நீளமே என்றால், சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது மட்டுமே நிழல் வட்டத்தைத் தொடும். தமிழ்நாட்டில் இதனால் இடையூறு இல்லை. சென்னையில் டிசம்பர் உச்சிவேளையிலும் சூரியன் 53 பாகைக்கு மேலே ஏறிவிடும். குருக்ஷேத்திரத்திலோ நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை நண்பகலில்கூட நிழல் கோலைவிட நீண்டிருப்பதால், அது வட்டத்துக்குள் நுழைவதே இல்லை. சூரிய சித்தாந்தம் ஆரத்தை வேண்டிய அங்குல அளவில் எடுத்துக்கொள்ளச் சொல்வதால் இந்தத் தடை நீங்குகிறது. அதைப் பின்பற்றி, ஒரே மையத்திலிருந்து 30, 36, 42 சென்டிமீட்டர் ஆரங்களில் மூன்று வட்டங்கள் வரையுங்கள். மேகம் ஒரு வட்டத்தின் நேரத்தை விழுங்கினாலும் மற்றவை கைகொடுக்கும்.

மார்ச், செப்டம்பர் மாதங்களின் 20ஆம் தேதியை ஒட்டிய நாட்களில் சென்னையில் 36 சென்டிமீட்டர் வட்டத்தை நிழல் காலை ஒன்பதேகால் மணி அளவில் தொட்டு உள்ளே நுழையும். பிற்பகல் மூன்று மணி அளவில் தொட்டு வெளியேறும். தொடும் கணத்தில் கோல்தலையின் நிழல் நடுவைப் பென்சிலால் குறிக்க வேண்டும். மங்கிய விளிம்பில் எந்த இடத்தைக் காலையில் குறித்தீர்களோ அதையே மாலையிலும் குறிப்பது இன்றியமையாதது. இரண்டு பக்கமும் மங்கல் ஒரே அளவில் இருப்பதால் பிழையும் தானே கழிந்துவிடும். காலைப் புள்ளி மேற்கையும் மாலைப் புள்ளி கிழக்கையும் காட்டும். அவசரத்தில் இதை மாற்றி எழுதிவிடுவோர் பலர். மூன்று வட்டங்களின் புள்ளிச் சோடிகளையும் இணைத்தால் வரும் மூன்று கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பலகையின் மட்டத்தையோ கோலின் நிமிர்வையோ ஐயுறுங்கள்.

வடக்குதெற்குக் கோட்டுக்கு இரு வழிகள் உண்டு. முளைகளுக்கு இடைப்பட்ட தொலைவைப்போல் இருமடங்கு நீளமுள்ள கயிற்றின் இரு முனைகளிலும் கண்ணியிட்டு முளைகளில் மாட்டி, கயிற்றின் நடுவைத் தெற்கே இழுத்து ஓர் அடையாளமும் வடக்கே இழுத்து ஓர் அடையாளமும் இடுவது காத்தியாயனர் வழி. இரு புள்ளிகளையும் மையமாகக் கொண்டு ஒன்றையொன்று வெட்டும் வில்களை வரைவது சூரிய சித்தாந்தத்தின் வழி. நடுவே உண்டாகும் வடிவத்துக்கு அந்நூல் மீன் என்று பெயரிட்டிருக்கிறது. எனக்குக் கயிற்று வழியே பிடிக்கும். கையால் இழுத்துப் பார்க்கும்போது வடிவக்கணிதம் தசையில் பதிகிறது.

காலைக்கும் மாலைக்கும் இடையில் சூரியனும் வடக்கே அல்லது தெற்கே சிறிது நகர்ந்துவிடுவதால், கோடு மிகச் சற்றே சாய்கிறது. 1150இல் சித்தாந்த சிரோமணி என்ற வானியல் நூலை இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் இதற்குத் திருத்தம் தருகிறார். நம் பலகையில் அதனால் வரும் பிழை, மிகுதியாக உள்ள மார்ச், செப்டம்பர் மாதங்களிலும், ஒரு மீட்டருக்கு ஒன்றரை மில்லிமீட்டரைத் தாண்டாது. பென்சில் கோட்டின் தடிமனைவிடச் சற்றே கூடுதல்.

தமிழ் மரபிலும் இக்கலைக்குச் சான்று உண்டு. அரண்மனைக்கு மனை வகுக்கும் காட்சியை நெடுநல்வாடை பாடும்போது, ‘இருகோல் குறிநிலை வழுக்காது’ என்றும், ‘நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு’ என்றும் கூறுகிறது. சூரியன் எப்பக்கமும் சாராத நண்பகலில் அது நிகழ்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதனைச் சித்திரைத் திங்களின் நடுப்பகுதி என்று கொள்கிறார். நிழல் விழாத நண்பகல் ஆண்டுக்கு இருமுறை வரும் நாடு இது. சென்னையில் அந்நாட்கள் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகியவற்றை ஒட்டி அமைகின்றன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உச்சிநிழல் தெற்கே விழும் என்பதைப் பலகையில் வேலை செய்பவர் மறக்கக்கூடாது. அர்த்தசாத்திரம் ஆடி மாதத்தை, அதாவது ஆஷாடத்தை, நிழலற்ற நண்பகலின் மாதம் என்பது கடகரேகையை ஒட்டிய ஊர்களுக்கே பொருந்தும்.

பகலும் இரவும் சமமாக உள்ள நாளில் பலகையைக் கலைக்காமல் உச்சிநிழலையும் அளந்தால் ஊரின் அட்சரேகை கிடைத்துவிடும். இப்போது நிழல் விளிம்பின் மங்கலுக்கு நடுவே அளக்க வேண்டும், ஏனெனில் இங்கே பிழையைக் கழிக்க இரண்டாவது அளவு இல்லை. ஒரு மில்லிமீட்டர் தவறினால் ஊர் சுமார் 17 கிலோமீட்டர் நகர்ந்துவிடும். சென்னையில் நிழல் 8.4 சென்டிமீட்டர், அதாவது 2.8 அங்குலம் வரும். அதன் வர்க்கம் 7.84; பன்னிரண்டின் வர்க்கமான 144ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 12.32. ஆரியபடர் தம் சைன் கணக்குக்கான வட்டத்துக்குக் கொண்ட ஆரம் 3438. அதை 2.8ஆல் பெருக்கி 12.32ஆல் வகுத்தால் 781 கிடைக்கும். அவருடைய சைன் அட்டவணையில் மூன்றாம் மதிப்பு 671, நான்காவது 890. அட்டவணையின் ஒரு படி 225 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). 781 இவ்விரண்டுக்கும் ஏறத்தாழ நடுவே நிற்பதால், மூன்று படிகளுக்கு 675 கலையும் பாதிப் படிக்கு 113 கலையுமாக 788 கலை, அதாவது 13 பாகை 8 கலை. இன்றைய வரைபடத்தில் சென்னை 13 பாகை 5 கலையில் இருக்கிறது.