லைட் மங்குதா? ஆல்டர்னேட்டர் மாத்துறதுக்கு முன்னாடி எர்த் ஒயரப் பாருங்க

ஃபோர் வீல் டிரைவ் வண்டி இருந்தா கை சும்மா இருக்காதுல்ல, முதல்ல லைட் பார், அப்புறம் ஃப்ரிட்ஜ், அப்புறம் சேத்துல மாட்டின வண்டிய கயிறு சுத்தி இழுக்குற வின்ச்னு ஒண்ணொண்ணா ஏத்திக்கிட்டே போவோம், ஒரு நாள் ராத்திரி மெதுவா ஊர்ந்து போறப்ப ஹெட்லைட் மங்கும். உடனே பெரிய ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடுறப்ப கரண்ட் தயாரிக்கிற சாமான்) போடுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. நானும் போட்டேன், லைட் அப்பவும் மங்குச்சு. கடைசில பாத்தா இன்ஜின்லேருந்து சேஸிக்கு வர்ற எர்த் ஸ்ட்ராப் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போற பட்டை ஒயர்), போல்ட்டுகிட்ட பச்சையா பூத்துப்போய், லேசா முறுக்கினதுக்கே பாதி இழை கையோட வந்துருச்சு.

அதனால முதல்ல கணக்கு போடுங்க. வாட்ஸ 12ஆல வகுத்தா ஏறக்குறைய ஆம்பியர். 120 வாட்ஸ் லைட் பார் 10 ஆம்பியர், ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடுறப்ப 4, 5 ஆம்பியர், இதுபோக ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர், ஃப்யூயல் பம்ப்னு வண்டிக்கே 30, 40 போயிடும். வின்ச்ச இந்த கணக்குல சேக்காதீங்க, அது முழு லோடுல 400 ஆம்பியர் கூட இழுக்கும், அவ்வளவையும் கொடுக்கறது பேட்டரி வேலை, ஆல்டர்னேட்டர் பின்னாடியே நிரப்பிக்கிட்டு வரும், அவ்ளோதான்.

ஆல்டர்னேட்டர் மேல 90 ஆம்பியர்னு போட்டிருந்தா அது நல்ல வேகத்துல சுத்துறப்ப வர்றது, ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம இன்ஜின் சும்மா ஓடுறப்ப, பாதி வந்தாலே பெருசு. நம்ம வண்டி கஷ்டப்படுறதே ஐடில் பக்கத்துல, கல்லு மேல ஊர்றப்பதான். அதனால வாங்குறப்ப ஐடில்ல எவ்வளவு தரும்னு கேளுங்க, பெரிய நம்பரப் பாத்து ஏமாறாதீங்க. இன்னொண்ணு, 150 ஆம்பியர் எடுக்கணும்னா பெல்ட்டுலேருந்து நாலஞ்சு குதிரைசக்தி போகும், பழைய ஒத்தை வி-பெல்ட் தாங்காது, கீச்சுன்னு கத்தி ரப்பர் வாடை அடிக்கும்.

இப்ப மல்டிமீட்டர். இன்ஜின 2000 ஆர்பிஎம்ல வச்சு எல்லா லைட்டையும் போடுங்க, சிவப்பு முனைய ஆல்டர்னேட்டர் அவுட்புட் போல்ட்டுலயும் கறுப்பு முனைய பேட்டரி பிளஸ் போஸ்ட்டுலயும் வைங்க, போஸ்ட்ல வைக்கணும், மேல மாட்டிருக்க கிளாம்ப்ல இல்ல. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா கேபிள்லயோ ஜாயிண்ட்லயோ பிரச்சன. அதே மாதிரி ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல பாருங்க, எனக்கு மாட்டினது இதுலதான்.

மாத்தவேண்டியது மூணு கேபிள்: ஆல்டர்னேட்டர்லேருந்து பேட்டரி பிளஸ், பேட்டரி மைனஸ்லேருந்து சேஸி, சேஸிலேருந்து இன்ஜின். 150 ஆம்பியருக்கு 35 ஸ்கொயர் எம்எம் காப்பர் போட்டா நிம்மதி. பேட்டரி மைனஸ கழட்டிட்டுதான் கைய வைக்கணும், ஆல்டர்னேட்டர் போல்ட்ல எப்பவும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடில பட்டா வெல்டிங்தான். பிளஸ் கேபிள்ல பேட்டரிய ஒட்டி ஒரு ஃப்யூஸ், ஆல்டர்னேட்டர் தர்றத விட பெருசா, கேபிள் தாங்குறத விட சின்னதா. பேட்டரி மைனஸ்ல கரண்ட் சென்சார் இருக்க வண்டின்னா புது சாமானோட எர்த்த நேரா பேட்டரி போஸ்ட்ல மாட்டாம சேஸில மாட்டுங்க, இல்லன்னா சென்சாருக்கு அந்த லோடே தெரியாது.

ரெண்டாவது பேட்டரி வேணும்னா, பழைய வண்டிக்கு வோல்டேஜ் பாத்து சேர்க்கிற ரிலே போதும், 13.3 வோல்ட் வாக்குல சேத்து 12.8ல பிரிச்சுவிடும். புது வண்டில ஆல்டர்னேட்டர் வோல்டேஜ கம்ப்யூட்டரே ஏத்தி இறக்குறதால ரிலே குழம்பிடும், அங்க டிசி டு டிசி சார்ஜர் போடுங்க, வர்ற வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் அது பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜ்ல, அளவான கரண்ட்ல சார்ஜ் பண்ணும். லித்தியம் பேட்டரின்னா எந்த வண்டிக்கும் இதான், அது கிடைக்கிற கரண்ட மொத்தமா உறிஞ்சும், ஐடில்ல ஆல்டர்னேட்டர் ஃபேனும் மெதுவா சுத்துறதால காயில் வெந்துரும்.

எல்லாம் மாட்டினப்புறம் ஐடில்ல எல்லாத்தையும் ஆன் பண்ணி பேட்டரில பாருங்க, 13.5க்கு மேல நின்னா சரி. அரை மணி நேரம் ஓட்டிட்டு இன்ஜின ஆஃப் பண்ணிட்டு கேபிள் முனையில போல்ட் மாட்டுற வளையம் இருக்கே, அந்த ஒவ்வொரு லக்கையும் தொட்டுப் பாருங்க, பக்கத்துல இருக்கறத விட அதிகமா சுடுறத கழட்டி மறுபடி கிரிம்ப் பண்ணணும், அதாவது அதுக்குன்னு இருக்க டூலால அழுத்தி ஒயரப் பிடிக்க வைக்கணும். நான் சோம்பேறித்தனத்துல ஒண்ண சுத்தியலால தட்டி வச்சிருந்தேன், கரெக்டா அதுதான் சுட்டுச்சு.