35 வருடம் கழித்து பழைய வகுப்பைத் தேடிப் போகிறவர்களுக்கு

தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923ல் தொடங்கியது. அதற்கு மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி என்று ஊர் முழுக்க ஏழு பள்ளிகள். அதில் ஒன்றில் படித்து 1989ல் பன்னிரண்டாவது முடித்தவள் நான். ரீயூனியன் என்று இரண்டு தடவை போயிருக்கிறேன். 2014ல் ஒரு ஓட்டலில், ராத்திரி எட்டு மணிக்கு. பாட்டுச் சத்தத்தில் யார் பேசியதும் காதில் விழவில்லை. நாலு விசிட்டிங் கார்டோடு வீட்டுக்கு வந்தேன். 2024ல் போனது வேறு மாதிரி. அதிலிருந்து தேறியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை ஆளைக் கண்டுபிடிப்பது. பையன்கள் சுலபமாகக் கிடைத்துவிடுவார்கள். பெண்கள்தான் கஷ்டம், நம் இனிஷியல் செய்கிற வேலை அப்படி. ரெஜிஸ்டரில் எம். லட்சுமி. சர்ட்டிஃபிகேட்டில் சர்நேம் கேட்டதால் லட்சுமி முத்துசாமி. கல்யாணத்துக்குப் பிறகு லட்சுமி ரமேஷ். பேஸ்புக்கில் எந்த லட்சுமியைத் தேடுவது? அதனால் அவளைத் தேடாதீர்கள், அவள் தம்பியைத் தேடுங்கள். அதே பள்ளியில் எட்டாவது படித்திருப்பான், அவன் பெயர் மாறியிருக்காது. அதுவும் முடியவில்லையென்றால் அம்மாவிடம் கேளுங்கள். அப்பாக்கள் ரிட்டயர் ஆகி நங்கநல்லூர், தாம்பரம் என்று போய்விட்டாலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடுகளில் இருந்த அம்மாக்கள் ஒருவரை ஒருவர் விட்டதில்லை. நாங்கள் இரண்டு வருடம் தேடிய ஒருத்தியின் நம்பரை என் அம்மா பத்து நிமிடத்தில் வாங்கிக் கொடுத்தாள். கேட்டது பெயரை வைத்து இல்லை: "நேதாஜி நகர்ல மாடி வீடு, அப்பா ரயில்வே போர்டு, வாசல்ல முருங்கை மரம்."

தேதி விஷயத்தில் தில்லிக்காரர்கள் சொல்வதைக் கேளுங்கள். தீபாவளியை ஒட்டி வைத்தால் புகையில் இருமிக்கொண்டே திரும்புவீர்கள். டிசம்பர் கடைசி, ஜனவரி என்றால் மூடுபனி. சென்னையிலிருந்து வருகிறவர்களின் ரயிலும் விமானமும் எப்போது வந்து சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. பிப்ரவரி நடுவில் போர்டு பரீட்சை தொடங்கிவிடும், பள்ளிக்குள் விடமாட்டார்கள். ஆக, பிப்ரவரி முதல் ஞாயிறு. பிரின்சிபாலுக்கு ஒரு மாதம் முன்னாலேயே கடிதம் கொடுத்து, வருகிறவர்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்துவிடுங்கள். எங்கள் வகுப்பில் இருவரைக் கேட்டில் வாட்ச்மேன் அரை மணி நிறுத்தி வைத்தார். அவர் மேல் தப்பில்லை.

பகலில் வையுங்கள் என்பது என் கட்சி. நாங்கள் காலையில் ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில், அங்கிருக்கும் முருகன் கோயிலில் கூடினோம். படியேறும்போது மூச்சு வாங்கி நின்றதிலேயே பாதிப் பேருக்குக் கூச்சம் விட்டுப் போயிற்று. அப்புறம் பள்ளி, அப்புறம் சாப்பாடு. பழைய வீட்டைப் பார்க்கவும் ஆசை வரும். ஆனால் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உட்பட ஏழு அரசுக் குவார்ட்டர்ஸ் காலனிகளை இடித்துக் கட்ட 2016ல் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்துவிட்டது. மேப்பில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். என்னோடு வந்தவள் நேதாஜி நகரில் தகரத் தடுப்பைப் பார்த்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே திரும்பினாள்.

பேட்ஜ் அவசியம். படிக்கும்போது உங்களுக்கு இருந்த பெயரைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நம் எல்லாருக்கும் வெள்ளெழுத்து. "என்னை யாருன்னு சொல்லு பாப்போம்" என்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம். பாவம், எதிரில் நிற்பவர் வியர்த்துப் போகிறார். நீங்களே முந்திக்கொண்டு பெயரையும் ரோல் நம்பரையும் சொல்லிவிடுங்கள். நான் 23. முகம் மறந்துபோன ஒருவன், "அப்ப எனக்கு முன்னாடி நீ" என்றான்.

அந்த "நீ" பற்றியும் ஒன்று. எங்கள் காலத்தில் ஒரே வகுப்பில் பன்னிரண்டு வருடம் படித்தும் பையன்களும் பெண்களும் பேசிக்கொண்டது நோட்டு கேட்கும்போது மட்டும்தான். இப்போது வாங்க போங்க என்பதா, வா போ என்பதா? சிலர் பயந்துகொண்டு இந்திக்குத் தாவி "யார், கைசே ஹோ" (எப்படி இருக்கே நண்பா) என்றார்கள். நான் "நீ" என்றே ஆரம்பித்தேன், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கூட வந்திருக்கும் மனைவியையோ கணவரையோ மட்டும் "நீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

போவதற்கு முன்பு வாட்ஸாப் குரூப்பை மேலே வரைக்கும் படியுங்கள். குட்மார்னிங் பூக்களுக்கும் அரசியல் சண்டைக்கும் நடுவில்தான் முக்கியமான சேதி கிடக்கும். நான் படிக்காமல் போனேன். ஒருத்தியிடம், "எங்கடி, வீட்டுக்காரரைக் கூட்டிண்டு வரலையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, பரவாயில்லை என்றாள். கணவன், பிள்ளை, வேலை மூன்றையும் நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல வேண்டுமென்றால் அவர்களே சொல்வார்கள். வேறு என்ன பேசுவது என்று கவலைப்பட வேண்டாம். கெமிஸ்ட்ரி லேபில் யார் கண்ணாடியை உடைத்தது என்பது மட்டும் முக்கால் மணி நேரம் ஓடியது.

டீச்சர்களைக் கூப்பிட்டால் காரில் அழைத்து வந்து, சீக்கிரமே திருப்பிக் கொண்டுபோய் விடுங்கள். மேடையில் நிற்க வைத்துப் பொன்னாடை போர்த்துவதைவிட ஆளுக்கு ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களுக்கு உங்களை நினைவிருக்காது. அதற்காக முகத்தைத் தொங்கப் போடாதீர்கள், எத்தனை ஆயிரம் பிள்ளைகள்!

செலவுக் கணக்கை அன்று ராத்திரியே குரூப்பில் போட்டுவிடுங்கள். மீதிப் பணத்தால் கெட்ட குரூப்புகள் எனக்குத் தெரியும்.

நான் போனது உண்மையில் ஒருத்திக்காக. ஒன்பதாவதிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள், அம்மா நம்பர் பிடித்துக் கொடுத்த அதே முருங்கை மரத்து வீட்டுக்காரி. முழங்கால் வலி என்று சென்னையிலிருந்து வரவில்லை. எங்கள் பெஞ்ச் இருந்த இடத்திலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டேன். இப்போது வாரம் ஒரு தடவை பேசுகிறோம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூப்பிட்டால் எடுக்கமாட்டாள், கோயிலுக்குப் போயிருப்பாள்.