கீழுதட்டுக்குள் வரும் மேடுகள்: அவசரத்தில் செய்யக் கூடாதவை

குழந்தையின் கீழுதட்டை மெல்ல மடித்துப் பார்த்தால், உட்சவ்வின் நிறத்திலேயே வழவழப்பான சின்னச் சின்ன மேடுகள் கொத்தாக இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும், வலிக்காது. உதட்டை இழுத்துப் பிடித்தால் தட்டையாகி, கிட்டத்தட்ட மறைந்துவிடும். இதுதான் ஹெக் நோய். அமெரிக்காவின் நவஹோ பழங்குடிக் குழந்தைகளிடம் கண்டதை 1965-ல் மருத்துவர்கள் விவரித்தார்கள். மத்திய, தென் அமெரிக்கப் பழங்குடிகளிடமும் கிரீன்லாந்தின் இன்யூட் மக்களிடமும் இது உண்டு. மருக்களை உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸின் (HPV) 13, 32 ஆகிய வகைகளால் வருகிறது.

அந்த வைரஸின் பெயரைக் கேட்டதும் பாலியல் நோய் என்று முடிவுகட்டிப் பெற்றோரை விசாரிக்கத் தொடங்குவதுதான் இதில் நடக்கும் மிகக் கொடுமையான தவறு. பிறப்புறுப்பு மருக்களுக்குப் பெரும்பாலும் காரணம் 6, 11 என்ற வேறு வகைகள். ஹெக் நோய் எச்சில் வழியாக, ஒரே குவளை, ஒரே கரண்டி என்று புழங்கும் வீட்டுக்குள் பரவுவதாகவே கருதப்படுகிறது. அக்கா, தம்பி வாயையும் பாருங்கள், பல சமயம் அங்கேயும் இருக்கும். சந்தேகம் தீரவில்லையா? சிறு துண்டு எடுத்துத் திசுப் பரிசோதனையும் வைரஸ் வகைப் பரிசோதனையும் செய்யலாம். பாலியல் துன்புறுத்தலுக்கான வேறு அறிகுறிகள் இருந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் உதட்டு மேட்டை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தைக் கூண்டில் ஏற்றக் கூடாது.

"வாயைச் சுத்தமா வெச்சுக்கலை" என்று தாயைத் திட்டுவதும் அநியாயம். உடலின் எதிர்ப்புச் சக்தியை நிர்ணயிக்கும் மரபணுக்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்து இன்னொன்றுக்கு வராமல் போவதும் உண்டு.

அப்புறம், பார்த்தவுடன் வெட்டுவது, சுடுவது. பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சில மாதங்களில், அல்லது சில வருடங்களில், தானே போய்விடும். எல்லாவற்றையும் அகற்றினாலும் திரும்ப வரலாம். சாப்பிடும்போது பல்லில் கடிபட்டு ரத்தம் வந்தாலோ, தோற்றத்தால் பிள்ளை கூச்சப்பட்டாலோ, அந்த மேடுகளை மட்டும் லேசரோ உறைய வைக்கும் சிகிச்சையோ கொண்டு எடுக்கலாம். ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. இப்போதுள்ள பாப்பிலோமா தடுப்பூசிகளிலும் 13, 32 வகைகள் இல்லை.

சும்மா விட்டுவிடலாம் என்பதற்காகப் பார்க்காமலே விட்டுவிடாதீர்கள். தனியாக, கெட்டியாக, புண்ணாகி வளரும் கட்டி இந்தக் கணக்கில் சேராது, அதை உடனே பரிசோதிக்க வேண்டும். மற்றவற்றைப் படம் எடுத்து வைத்து, அடுத்த முறை குழந்தை வரும்போது ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.