குப்பத்து மக்களோடு சேர்ந்து கடற்கரைக் கணக்கு எழுதுவது எப்படி?

1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 43 வருடம் கழித்து, 2016 ஜனவரியில், அதே கடலோரத்தில் மணப்பாடு பக்கம் 80க்கு மேல் ஒதுங்கின. இரண்டு தடவையும் வந்தவை பைலட் திமிங்கிலங்கள்தான். கரையும் ஒன்று, மாதமும் ஒன்று. இது ஏன் என்று இன்று நாம் கேட்க முடிவதற்குக் காரணம், 1973இல் சிலர் எண்ணி எழுதி வைத்ததுதான்.

அந்த மாதிரிக் கணக்கை உங்கள் ஊர்க் கரையிலும் எழுதலாம். மக்கள் அறிவியல் என்று இதைச் சொல்கிறார்கள். பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு டேப், ஒரு போன், கூட வர ஊர்க்காரர்கள் நாலு பேர் இருந்தால் போதும். நான் சென்னைக்குத் தெற்கே உள்ள கரையை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: போய் உட்காருங்கள்

விடியற்காலை படகு கரையேறும் நேரத்தில் போகாதீர்கள். மீன் இறக்கி, ஏலம் விட்டு முடியும்வரை யாருக்கும் பேச நேரம் இருக்காது. மத்தியானத்துக்கு மேல், வலையைச் சரிசெய்து கொண்டிருக்கும்போது போங்கள். முதலில் ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள். அப்புறம் மீன் விற்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். எந்த மீன் வரத்துக் குறைந்தது, எது சிறிதாகிவிட்டது என்பது கூடையைச் சுமக்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களைக் கேட்காமல் தொடங்கிய கணக்கைப் பாதிக் கணக்கு என்றுதான் சொல்வேன்.

முதல் நாளே "ஆமையைக் காப்பாற்றுவோம்" என்று பேச வேண்டாம். "உங்களுக்குக் கடலைப் பற்றி என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். சொறி (ஜெல்லி மீன்) எந்த மாதத்தில் வலையை நாசம் செய்கிறது, கரை ஏன் தேய்கிறது, ஆற்று முகத்துவாரம் எப்போது அடைபடுகிறது என்று அவர்களிடமே கேள்விகள் இருக்கும். அவற்றில் ஒன்று உங்கள் நோட்டில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

படி 2: கரையை அளந்துகொள்ளுங்கள்

ஒரு கிலோமீட்டர் போதும். இரண்டு முனையிலும் அசையாத அடையாளம் வேண்டும்: ஒரு கோயில், ஒரு கல், ஒரு விளக்குக் கம்பம். எப்போதும் அதே முனையில் தொடங்கி அதே முனையில் முடியுங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரம். எந்த நாள் என்பதை ஊரே சொல்லட்டும். சில ஊர்களில் அமாவாசையன்று தொழிலுக்குப் போக மாட்டார்கள், கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு.

படி 3: நோட்டு

இதில்தான் நான் தவறினேன். தேதி, நேரம், இடம், உயிரினம், எண்ணிக்கை என்று ஆங்கிலத்தில் அச்சடித்த தாளோடு போனேன். ஒரு பெரியவர் வாங்கிப் பார்த்தார். அவர் விரலிடுக்கில் வலை ஊசி அப்படியே இருந்தது. பேரனைக் கூப்பிட்டு ஒவ்வொரு கட்டத்தையும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்: "தம்பி, காத்து எங்க? காத்து எழுதலன்னா இது எங்கருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவ?"

அவர் சொன்னது முழுக்க அறிவியல். இறந்த ஆமை முதலில் மூழ்கும். உடல் ஊதிய பிறகு மேலே வந்து, காற்றும் நீரோட்டமும் தள்ளிய பக்கம் மிதந்து போகும். அது ஒதுங்கிய இடம் வேறு, செத்த இடம் வேறு. காற்றும் ஓட்டமும் தெரிந்தால்தான் எங்கே செத்திருக்கும் என்று ஓரளவாவது பின்னோக்கிப் போகலாம்.

அன்றே அந்தத் தாளைக் கைவிட்டேன். சாதாரணக் கோடு போட்ட நோட்டு வாங்கி, அவர்கள் பேச்சிலேயே கட்டங்கள் போட்டோம். காற்றுக்கு, அது வரும் திசையைப் பொறுத்து வாடை, கொண்டல், கச்சான். ஓட்டத்துக்கு, வடக்கிலிருந்து வந்தால் வண்ணி, தெற்கிலிருந்து வந்தால் தெண்டி. உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் அதையே எழுதுங்கள். ஒரு நாள் பதிவு இப்படி இருக்கும்:

*தை 12, காலை 5.40. காற்று: வாடை, லேசு. ஓட்டம்: வண்ணி. ஆமை: 1, இறந்தது, பெண், ஓடு 66 செ.மீ. சொறி: இல்லை. வலைத்துண்டு: 2.*

"இல்லை" என்பதைக் கண்டிப்பாக எழுதுங்கள். ஒன்றும் ஒதுங்காத நாளை எழுதாமல் விட்டால், அன்று யாரும் நடக்கவில்லையா, நடந்தும் ஒன்றும் இல்லையா என்று பிறகு தெரியாது.

படி 4: ஆமையைக் கண்டால்

நம் கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. பெயரிலேயே மாதம் இருக்கிறது. மார்கழி, தையில் தொடங்கி பங்குனி வரை முட்டையிட வரும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல்கூட இருக்கும், பொரிக்க 45 நாளுக்கு மேல் ஆகும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து இந்த முட்டைகளைக் காத்து வருகிறார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் உயிர் இது. அதனால் முட்டையை நீங்களாக எடுக்கக் கூடாது. வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இறந்த ஆமையை அளப்பதற்கு, முதலில் கையுறை போடுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப்பை ஓட்டின் வளைவின் மேலேயே படியவைத்து, கழுத்தோரம் தொடங்கி ஓட்டின் பின்முனை வரை பிடியுங்கள். வளர்ந்த ஆமை 60 முதல் 70 செ.மீ. இருக்கும். வால் ஓட்டைத் தாண்டி நீண்டிருந்தால் ஆண். கழுத்திலும் துடுப்பிலும் வலை அறுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கு பக்கமும் படம் எடுத்து, வனத்துறைக்குத் தகவல் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு ஓட்டில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் வேறொருவர் அதையே மறுபடி எண்ணிவிடுவார்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் இறந்த ஆமைகள் ஒதுங்கின. ஆமை நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவை வலைக்குள் மாட்டி மேலே வர முடியாமல் போனால் மூழ்கிச் செத்துவிடும். ஆனாலும் உங்கள் நோட்டில் எந்தப் படகின் எண்ணையும் எழுதாதீர்கள். நம் வேலை எண்ணுவது, வழக்குப் போடுவது இல்லை. "இதைச் சொன்னால் கேஸ் வருமோ" என்ற பயம் ஒரு தடவை வந்துவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். பாக் விரிகுடாவில் வலையில் சிக்கிய ஆவுளியாவை (கடல் பசுவை) மீனவர்களே கடலில் விட்டிருக்கிறார்கள், வனத்துறை அவர்களைப் பாராட்டிப் பரிசும் கொடுத்திருக்கிறது. அந்த நம்பிக்கை நம் கரையிலும் வரவேண்டும்.

படி 5: போன்

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் மற்றவர்கள் இனத்தை அடையாளம் காண உதவுவார்கள். சங்கு, நண்டு, நீல நாணயம் போல ஒதுங்கும் போர்பிட்டா என்ற சொறி மாதிரிச் சிற்றுயிர், எல்லாவற்றுக்கும் இது நல்லது. முட்டைக் குழி என்றால் இடத்தை மறைத்து ஏற்றுங்கள். வாட்ஸ்அப் குழுவில் இடத்தைப் போடவே வேண்டாம்.

படி 6: கணக்கை ஊருக்குப் படித்துக் காட்டுங்கள்

வழக்கமாக விட்டுப்போகும் படி இதுதான். நோட்டு ஊரில் இருக்கட்டும், நீங்கள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கூட நடந்தவர்களின் பெயர், அவர்கள் சம்மதித்தால், எங்கே வெளியிட்டாலும் வரவேண்டும். ஒருவர் அரை நாள் தொழிலை விட்டு உங்களோடு வந்தால், அந்த அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆமைப் பருவமும் ஏறக்குறைய அப்போது முடிந்திருக்கும். விசைப்படகு ஆட்களும் ஊரில் இருப்பார்கள். ஏலக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி, மாதவாரியாக ஒரு சார்ட் தாளில் எழுதி ஒட்டுங்கள். எந்தக் காற்றில் எத்தனை ஆமை ஒதுங்கியது, சொறி எப்போது வந்தது, எல்லாம் அதில் இருக்கட்டும். தப்பு என்று யாராவது சொன்னால் பேனாவை அவரிடமே கொடுங்கள். முடிந்ததும் புது நோட்டைப் பிரித்து, அடுத்த வருடம் என்னென்ன கட்டம் வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லி, அங்கேயே கோடு போட்டுவிடுங்கள்.