போலீஸ் மேல் மனித உரிமை ஆணையத்தில் மனு போடுவது எப்படி

ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு இரவெல்லாம் உட்கார வைத்தார்கள், அடித்தார்கள், கொடுத்த புகாரை வாங்காமல் விரட்டினார்கள் என்றால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு எழுது, திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடு என்பார்கள். கொடுக்கலாம், தப்பில்லை, ஆனால் அந்த மனு பெரும்பாலும் சுற்றிச் சுற்றி அதே போலீஸிடம்தான் விசாரணைக்கு வந்து நிற்கும். மாநில மனித உரிமை ஆணையம் கொஞ்சம் வேறு மாதிரி. 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்தது, சாட்சியை சம்மன் அனுப்பி வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கும் உண்டு. கட்டணம் ஒரு பைசா கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம். சிறை, அரசு ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ் என்று எந்த அரசு ஊழியர் மேலும் போடலாம். இங்கே போலீஸை வைத்தே சொல்கிறேன்.

மனு எழுத உட்காருவதற்கு முன்னால், அடி விழுந்திருந்தால், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காயம் சின்னதாக இருந்தாலும் போங்கள். டாக்டர் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்.) பதிவு போடும்போது எப்படி அடிபட்டது என்று கேட்பார், அந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் கீழே விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறார்கள். (நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்களில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிறவர்களைப் பற்றி உங்களுக்கே தெரியும்.) எந்த ஸ்டேஷன், எத்தனை மணி, எத்தனை பேர், லத்தியா கையா என்பதை அப்படியே சொல்லி எழுதச் சொல்லுங்கள், அப்புறம் ஏ.ஆர். காப்பியைக் கேட்டு வாங்குங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட் முன்னால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். சிறையில் சேர்க்கும்போதும் உடம்பில் இருக்கும் காயங்களைக் குறித்துக்கொள்வார்கள். இந்த மூன்று பதிவும் ஸ்டேஷன்காரர்கள் கையில் இல்லாதவை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்தது கேமரா. எல்லா ஸ்டேஷனிலும் சிசிடிவி இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வழியில்லாத இடத்தில் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது ஸ்டேஷனில் கேமரா இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று போய்ப் பார்த்த மாஜிஸ்திரேட்டே அறிக்கை கொடுத்தார். ஆகவே தீர்ப்பை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். இன்ன தேதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை உள்ள பதிவை உடனே வரவழைத்துப் பத்திரப்படுத்த வேண்டும் என்று மனுவில் தனியாக ஒரு வரி கேளுங்கள். ஆணையம் அப்படி வரவழைக்கலாம் என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. கூடவே 10 ரூபாய் கட்டி, அதே பதிவைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு மனு போட்டு வையுங்கள். மறுத்துப் பதில் வந்தால் அந்தக் கடிதத்தையும் இணைப்பில் சேர்க்கலாம்.

சரி, மனு. அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம் நடந்தது. ‘போலீஸார் என்னை மிகவும் கொடுமைப்படுத்தினார்கள்’ என்று எழுதினால் படிப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இப்படி எழுதுங்கள்: ‘12.3.2025 மாலை சுமார் 6 மணிக்கு மேற்படி நிலைய உதவி ஆய்வாளரும் சீருடை இல்லாத இரண்டு காவலர்களும் என் வீட்டுக்கு வந்து, கைதுக்கான காரணம் எதுவும் சொல்லாமல், என் மனைவி முன்னிலையில் என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். மறுநாள் காலை 11 மணிக்குத்தான் விட்டார்கள். எதிலும் கையெழுத்து வாங்கவில்லை.’ பெயர் தெரியாவிட்டால் பதவி, ஆள் அடையாளம் போதும். பழைய பகை, இடத்தகராறு, அந்த ஆய்வாளர் சொத்து சேர்த்த கதை எல்லாம் வேண்டாம், அதை எழுதினால் சொத்துத் தகராறு என்று சொல்லி மூடிவிட வழி கிடைக்கும். கடைசியில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: விசாரணை, இழப்பீடு, துறை நடவடிக்கை. சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால், நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் தனியாகப் புகார் கொடுங்கள்.

எங்கே அனுப்புவது? மாநில அரசின் ஆட்கள் என்றால் சென்னை கிரீன்வேஸ் சாலையில் இருக்கும் மாநில ஆணையம். ரயில்வே பாதுகாப்புப் படை, விமான நிலையத்தில் நிற்கும் மத்தியப் படை, இப்படி மத்திய அரசு ஆட்கள் என்றால் டெல்லியில் உள்ள தேசிய ஆணையம். இரண்டுக்கும் ஒரே மனுவை அனுப்பினால் பலம் கூடும் என்று நினைப்பார்கள், நடப்பது வேறு: மாநில ஆணையத்தில் நிலுவையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் விசாரிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, அதனால் ஒன்று மூடப்படும். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மொட்டைக் கடிதத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கோர்ட்டில் நடந்துகொண்டிருக்கும் அதே பிரச்சினையையும் எடுக்க மாட்டார்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதை மனு நகலோடு பின் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பல மனுக்கள் செத்துப்போகும் கட்டம் ஒன்று இருக்கிறது. ஆணையம் அந்தத் துறையிடமே அறிக்கை கேட்கும். எஸ்.பி. ஆபீஸிலிருந்து ‘மனுதாரர் கூறுவது போல் சம்பவம் ஏதும் நடைபெறவில்லை’ என்று ஒன்று வரும், அதன் நகலை உங்களுக்கு அனுப்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்பார்கள். அதைப் பார்த்ததும் ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்று மடித்து வைத்துவிடாதீர்கள். கெடுவுக்குள் பதில் போகவில்லை என்றால் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றே எடுத்துக்கொண்டு கோப்பை மூடலாம். பத்திக்குப் பத்தி பதில் எழுதுங்கள். அன்று நீங்கள் ஸ்டேஷனுக்கே வரவில்லை என்கிறார்களா, ஏ.ஆர். காப்பியில் டாக்டர் எழுதிய நேரத்தைக் காட்டுங்கள், ‘என் மனைவி ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நின்றபடி செய்த போன் அழைப்புகளின் பட்டியல் இருக்கிறது’ என்று எழுதி அதை இணையுங்கள். முதல் மனுவைவிட இந்தப் பதிலுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி. விசாரணைக்கு நேரில் கூப்பிட்டால் சாட்சியோடு போங்கள், இடையில் யாராவது சமாதானம் பேச வந்தால் யார், எப்போது வந்தார் என்று எழுதி அதையும் ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

மீறல் நடந்தது என்று முடிவானால் இழப்பீடும் நடவடிக்கையும் பரிந்துரைப்பார்கள். வெறும் பரிந்துரைதானே என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது, அது அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. உத்தரவு நகலை வைத்து உள்துறைக்கு எழுதிக் கேளுங்கள். நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், அதற்கு மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே வக்கீல் தரும், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அவர்கள் ஆபீஸ் இருக்கும்.