ஐகாவோ தடை போடாது: விமானப் பாதுகாப்புச் செய்திகளைத் தப்பாகப் படிக்காதீர்கள்

விமானப் பாதுகாப்பு பற்றி ஏதாவது செய்தி வந்தால் போதும், ஆர்.கே.புரம் மலை மந்திர் வாசலிலிருந்து டில்லித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் வரை "ஐகாவோ நம்மைத் தடை செய்துவிட்டதாமே" என்று பேச்சு கிளம்பிவிடும். ஐகாவோ என்பது ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு. மான்ட்ரியலில் இருக்கும் அந்த அமைப்புக்கு ஒரு விமானத்தைக்கூட நிறுத்திவைக்கும் அதிகாரம் கிடையாது. 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின்படி அது தரநிலைகளை வகுக்கும், அவ்வளவுதான். அவற்றைத் தங்கள் சட்டத்தில் சேர்த்து நடைமுறைப்படுத்த வேண்டியது 193 உறுப்பு நாடுகளின் பொறுப்பு. நம் நாட்டில் அந்தப் பொறுப்பு, சப்தர்ஜங் விமான நிலையத்துக்கு எதிரே இருக்கும் டிஜிசிஏவுக்கு, அதாவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு.

இதைவிடப் பெரிய குழப்பம், யார் யாரைத் தணிக்கை செய்கிறார்கள் என்பதில். 2014 ஜனவரி 31 அன்று இந்தியா இரண்டாம் வகைக்கு, அதாவது விமானக் கண்காணிப்பு ஐகாவோ தரநிலைக்கு எட்டாத நாடுகளின் வகைக்கு, இறக்கப்பட்டது நினைவிருக்கும். இறக்கியது ஐகாவோ அல்ல, அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ. அதுவும் எந்த விமான நிறுவனத்துக்கும் போட்ட மதிப்பெண் அல்ல. டிஜிசிஏவிடம் போதிய முழுநேர இன்ஸ்பெக்டர்கள் இல்லை என்பதுதான் முக்கியமான குறை. ஓடிக்கொண்டிருந்த அமெரிக்க சேவைகள் தொடர்ந்தன. புதிதாகச் சேர்க்கவோ, அமெரிக்க நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் எண்ணிலும் நம் விமானங்களின் டிக்கெட்டை விற்கவோ (இதற்குப் பெயர் கோட்ஷேர்) வழியில்லாமல் போயிற்று. ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, 2015 ஏப்ரலில்தான் முதல் வகை திரும்பக் கிடைத்தது. கண்காணிப்பவர் சரியில்லை என்றால் பணம் இழப்பது விமான நிறுவனங்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, வேறு எதற்கு அரசுகள் அசையும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியல் இதிலிருந்து வேறு. அதில் நிறுவனங்களின் பெயரே வரும்.

ஐகாவோவும் தணிக்கை செய்கிறது. 2022 நவம்பரில் இந்தியாவின் மதிப்பெண் சுமார் 70-இலிருந்து 85 சதவீதத்துக்கு மேல் ஏறியது. உடனே "நூற்றுக்கு 15 விமானம் ஆபத்தா?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு நாட்டின் சட்டம், அமைப்பு, உரிமம் வழங்கும் முறை, கண்காணிப்பு இவற்றைப் பற்றிய கேள்விகளில் எத்தனைக்குத் திருப்தியான பதில் இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

அடுத்தது, தரநிலையையும் பரிந்துரையையும் ஒன்றாக எண்ணுவது. மங்களூரு, கோழிக்கோடு விபத்துகளுக்குப் பிறகு "240 மீட்டர்" என்ற எண் அடிக்கடி அடிபட்டது. ஓடுபாதையைத் தாண்டி ஓடிவிடும் விமானத்துக்காக விடப்படும் பாதுகாப்புப் பகுதி அது, சுருக்கமாக ரீசா. பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுபாதைகளுக்கு சிகாகோ உடன்படிக்கையின் 14-ஆம் இணைப்பு (விமான நிலையங்கள் பற்றியது) வைக்கும் கட்டாயத் தரம் 90 மீட்டர். 240 என்பது பரிந்துரை. அதுவும் ஓடுபாதையின் நுனியிலிருந்து அளப்பதல்ல, அதைச் சுற்றித் தடையில்லாமல் விடப்படும் பட்டையான நிலத்தின் முடிவிலிருந்து. ஆகவே 240 இல்லை என்பதற்காகவே ஒரு விமான நிலையத்தை விதி மீறியது என்று சொல்ல முடியாது. ஆனால் மலை உச்சியில் ஓடுபாதை அமைத்துவிட்டு 90 போதும் என்று சாதிப்பது சட்டப்படி சரியாக இருந்தாலும் புத்திசாலித்தனம் அல்ல.

சரி, கட்டாயத் தரத்தையே ஒரு நாடு பின்பற்ற முடியாவிட்டால்? உடன்படிக்கையின் 38-ஆவது பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது: வேறுபாட்டை ஐகாவோவுக்குத் தெரிவித்துவிட வேண்டும். தெரிவித்த வேறுபாட்டை மோசடி போலப் பேசுவது தவறு. தெரிவிக்காமல் மறைப்பதுதான் ஆபத்து, மற்ற நாட்டு பைலட்டுகள் இல்லாத வசதியை நம்பி வந்து இறங்குவார்கள். இந்தியாவின் வேறுபாடுகள், விமானப் போக்குவரத்துக்கான அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பான ஏஐபியின் ஜென் (GEN) 1.7 பகுதியில் இருக்கின்றன. அடுத்த முறை யாராவது "சர்வதேச விதியை மீறிவிட்டார்கள்" என்று செய்தி அனுப்பினால், அங்கே ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் ஃபார்வர்டு செய்யுங்கள்.